கேம் ஜாமில் நிரல் பகிர்வு: கடிகாரம் ஓடத் தொடங்கும் முன்பிருந்து சமர்ப்பித்த பின்பு வரை

குறுகிய காலத்துக்குள் ஒரு கணினி விளையாட்டை உருவாக்கும் போட்டிதான் கேம் ஜாம். அப்படிப்பட்ட லூடம் டேர் போட்டியின் காம்போ பிரிவில் விளையாட்டைச் சமர்ப்பிக்கப் போனால், ஆடிப் பார்ப்பதற்கான இணைப்போடு சோர்ஸ் கோடுக்கான (மூலநிரல்) இணைப்பையும் கொடுத்தாக வேண்டும். முதல்முறை கலந்துகொள்கிறவர்களில் பலர் இதைக் கவனிப்பது 48 மணி நேரத்தில் 47 ஓடிய பிறகுதான். இரண்டு இரவு சரியான தூக்கமில்லை, கண் எரிகிறது. ஃபோல்டரை அப்படியே ஜிப் செய்து ஏற்றிவிடுகிறார்கள். அந்த ஜிப்புக்குள் காசு கொடுத்து வாங்கிய படங்கள் கிடக்கும். ஸ்கோர்போர்டு சர்வரின் ரகசியச் சாவி இருக்கும். வேறு யாரோ எழுதிய மூன்று நான்கு ஃபங்ஷன்கள் (நிரல் துண்டுகள்), எழுதியவர் பெயரே இல்லாமல் இருக்கும்.

இந்த மூன்றையும் பார்த்திருக்கிறேன். கடைசியாகச் சொன்னதை நானே செய்திருக்கிறேன். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. நிதானமாக உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவுகளை, களைத்துப்போன நேரத்துக்குத் தள்ளி வைப்பதால் வருகிற சிக்கல் இது. அதனால்தான் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி போட்டி தொடங்கும் முன் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றி இருக்கிறது.

## விதிகளை மூன்று கேள்விகளோடு படியுங்கள்

'நிரல் பகிர்வு விதி' என்று பொதுவாகச் சொன்னாலும், அதற்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று: போட்டி தொடங்கும்போது கையில் என்ன நிரல் கொண்டு வரலாம்? இரண்டு: நடுவில் மற்றவர்கள் எழுதியதில் எதையெல்லாம் எடுத்துச் சேர்க்கலாம்? மூன்று: முடிவில் நான் எதைத் திறந்து கொடுக்க வேண்டும், எந்த நிபந்தனையில்? ஒரு போட்டி முதல் கேள்விக்குத் தாராளமாகவும் மூன்றாவதற்குக் கண்டிப்பாகவும் இருக்கலாம். இன்னொன்று நேர்மாறாக இருக்கும். விதிப் பக்கத்தைப் படிக்கும்போது இந்த மூன்றுக்கும் பதிலை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஏதாவது ஒன்றுக்குப் பதில் கிடைக்கவில்லை என்றால், நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

லூடம் டேரையே எடுத்துக்கொள்வோம். 2002இல் தொடங்கிய போட்டி இது. காம்போ பிரிவில் தனி ஆளாக, 48 மணி நேரத்தில் செய்ய வேண்டும். ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் பேஸ் கோடோடு (பொதுவான அடிப்படை நிரல்) தொடங்கலாம். ஆனால் படம், இசை, லெவல் எல்லாம் அந்த 48 மணி நேரத்துக்குள் நீங்களே உருவாக்கியதாக இருக்க வேண்டும். முடிவில் மூலநிரலைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். அதே போட்டியின் ஜாம் பிரிவில் 72 மணி நேரம், குழுவாகச் செய்யலாம், மூலநிரல் கட்டாயமில்லை. காம்போவில் மட்டும் ஏன் கேட்கிறார்கள்? தனி ஆள், குறுகிய நேரம், எல்லாம் புதிது என்று சொல்லித்தான் அங்கே மதிப்பெண் போடுகிறார்கள். நிரல் திறந்திருந்தால் சக போட்டியாளர் யாரும் அதைச் சரிபார்க்கலாம், பார்த்துக் கற்றுக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் இன்ன உரிமத்தில்தான் (மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி) வெளியிட வேண்டும் என்று அங்கே கட்டாயப்படுத்துவதில்லை. அந்த முடிவு உங்களுடையது.

குளோபல் கேம் ஜாம் வேறு வகை. 2009இல் தொடங்கி, ஆண்டுதோறும் ஜனவரியை ஒட்டி, உலகெங்கும் பல இடங்களில் நடக்கிறது. அங்கே மூலக் கோப்புகளை ஏற்றச் சொல்வதோடு, பல ஆண்டுகளாக கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-என்சி-எஸ்ஏ 3.0 உரிமத்தையும் வைத்திருந்தார்கள். அதாவது: பெயர் குறிப்பிட வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றி வெளியிட்டால் இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். உரிமை உங்களிடமே இருக்கும், பகிர்வதற்கான நிபந்தனை மட்டும் முன்பே முடிவாகிவிடும். எந்த ஆண்டில் கலந்துகொள்கிறீர்களோ அந்த ஆண்டின் விதியைப் படியுங்கள். போன வருட ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான ஜேஎஸ்13கே எனக்கு மிகவும் பிடித்த போட்டி. 2012இல் ஆந்த்ரே மஸூர் தொடங்கியது. ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 13 வரை, முழு விளையாட்டும் 13 கிலோபைட், அதாவது 13,312 பைட்டுக்குள், ஒரே ஜிப்பில் அடங்க வேண்டும். வெளியிலிருந்து எழுத்துருவோ லைப்ரரியோ (எடுத்துப் பயன்படுத்தத் தயாராக இருக்கும் நிரல் தொகுப்பு) தரவோ இழுக்கக் கூடாது. லைப்ரரி வேண்டுமானால் அதுவும் அந்த 13 கிலோபைட்டுக்குள் உட்கார வேண்டும். சுருக்கிய ஜிப் ஒன்று, மனிதர்கள் படிக்கக்கூடிய நிரல் கிட்ஹப்பில் (நிரலைச் சேமித்துப் பகிரும் தளம்) ஒன்று என இரண்டும் கொடுக்க வேண்டும். சுருக்கிய நிரலில் மாறிகளின் பெயரெல்லாம் ஒற்றை எழுத்தாகிவிடும். அதைப் படித்து யாரும் எதையும் கற்க முடியாது என்பதால்தான் இரண்டாவதையும் கேட்கிறார்கள்.

பைத்தானில் எழுதுகிறவர்களுக்கான பைவீக் போட்டி 2005 முதல் நடக்கிறது. அதன் முதல் கேள்விக்கான விதியை எல்லாப் போட்டிகளும் பின்பற்றினால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்களே எழுதிய லைப்ரரியைப் பயன்படுத்தலாம். ஆனால் போட்டி தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே, விளக்கக் குறிப்புகளோடு, எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வெளியிட்டிருக்க வேண்டும். உங்களுக்கு இருக்கிற வசதி பக்கத்துப் போட்டியாளருக்கும் கிடைத்துவிடுகிறது. ரோக்லைக் (ஒவ்வொரு ஆட்டத்திலும் புதிதாக உருவாகும் தளங்களில், செத்தால் முதலிலிருந்து ஆடும் வகை) விளையாட்டுகளுக்கான ஏழு நாள் ரோக்லைக் போட்டியில் (168 மணி நேரம்) பழைய பொதுவான நிரலைக் கொண்டு வருவதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. கிட்ஹப் நவம்பரில் நடத்தும் கேம் ஆஃப் போட்டியில், நிரலைப் பொது ரெப்போவில் (நிரலை அதன் மாற்ற வரலாற்றோடு வைக்கும் சேமிப்பிடம்) வைக்கச் சொல்வார்கள்.

## ஒரு வாரம் முன்பு செய்ய வேண்டியவை

பேஸ் கோட் இருந்தால் முதலில் அதைத் தனி ரெப்போவாகப் பிரியுங்கள். விசைப்பலகை உள்ளீடு, திரை மாற்றம், ஒலி இயக்கம் மாதிரி எல்லா விளையாட்டுக்கும் பொதுவானது மட்டும் அதில் இருக்கட்டும். பழைய விளையாட்டின் எதிரிகள், லெவல் வடிவமைப்பு எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். போட்டி தொடங்கும் முன்பே அதைப் பொதுவில் போட்டு, "இந்த வாரம் இதைக் கொண்டு தொடங்கப்போகிறேன்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். விதி கேட்காவிட்டாலும் செய்யுங்கள். பிறகு யாராவது "இவ்வளவு நிரல் இரண்டு நாளில் எழுதியதா?" என்று சந்தேகப்பட்டால், தேதியோடு பதில் கையில் இருக்கும்.

அப்புறம் போட்டிக்கான புதிய ரெப்போ. காலியாகவே தொடங்குங்கள். முதல் கமிட்டில் (ரெப்போவில் செய்யும் ஒரு பதிவு) நான்கு கோப்புகள் போதும்: ரீட்மீ (அறிமுகமும் ஓட்டும் முறையும்), உரிமக் கோப்பு, நன்றிக் கோப்பு (எதை யாரிடமிருந்து எடுத்தோம் என்ற பட்டியல்), கிட்இக்னோர். கடைசிக் கோப்பு எதையெல்லாம் ரெப்போவில் சேர்க்கக் கூடாது என்று சொல்வது. யூனிட்டி என்ற இன்ஜினில் (விளையாட்டு உருவாக்கும் மென்பொருள்) லைப்ரரி என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் தானாக உருவாகி கிகாபைட் கணக்கில் வளரும். அது ரெப்போவுக்குத் தேவையில்லை. அசெட்ஸ், பேக்கேஜஸ், ப்ராஜெக்ட்செட்டிங்ஸ் மூன்றும் இருந்தால் போதும். கிட்ஹப் 100 மெகாபைட்டுக்கு மேலான ஒற்றைக் கோப்பை ஏற்காது. அந்த ஃபோல்டரோடு சேர்த்துக் கமிட் செய்தவர்களுக்கு இது கடைசி நேரத்தில்தான் தெரியவரும்.

இன்னொரு சின்ன விஷயம். மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் என்ற மென்பொருள் ஒவ்வொரு கமிட்டிலும் உங்கள் மின்னஞ்சல் முகவரியை எழுதி வைக்கும். பொது ரெப்போவில் அதை உலகமே பார்க்கலாம். கிட்ஹப் இதற்கென்றே ஒரு மாற்று முகவரி தருகிறது. அதை முதலிலேயே அமைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மாற்றுவது சிரமம்.

குழுவாகச் செய்கிறீர்கள் என்றால், உரிமத்தைப் பற்றி எல்லாரும் ஒரே இடத்தில் சம்மதம் சொல்ல வேண்டும். இதை அனுபவத்தில் கற்றேன். என் இரண்டாவது ஜாமில் நாங்கள் மூன்று பேர். நான் நிரல், ஒரு நண்பர் படங்கள், இசை மட்டும் இணையத்தில் அறிமுகமான ஒருவர். எட்டு மாதம் கழித்து ஒரு ஆசிரியை எழுதினார்: மாணவர்களுக்குப் பாடமாக வைக்க அந்த விளையாட்டின் முழு மூலமும் வேண்டும், அனுமதி உண்டா என்று. எனக்கும் நண்பருக்கும் மிகுந்த சந்தோஷம். ஆனால் இசை அமைத்தவர் அதற்குள் எல்லாக் கணக்கையும் மூடிவிட்டிருந்தார். அவருடைய சம்மதம் எழுத்தில் எங்கும் இல்லை. இசையை நீக்கிவிட்டு, சத்தமில்லாத பதிப்பைத்தான் அனுப்ப முடிந்தது. "நிரல் எம்ஐடி, படமும் இசையும் சிசி பிஒய்" என்று (இரண்டும் உரிமங்களின் பெயர்கள், கீழே வருகின்றன) குழு அரட்டையில் ஒரு வரி போட்டு, மற்ற இருவரும் "சரி" என்று பதில் சொல்லியிருந்தால் போதுமாக இருந்திருக்கும். ரீட்மீயிலும் அதே வரியை எழுதியிருக்கலாம்.

வேலைக்குப் போகிறவர்கள் ஒப்பந்தத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் கணினி நிரலும் இலக்கியப் படைப்பு வகையில்தான் வருகிறது. அதன் 17ஆவது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாக உருவாக்கியதற்கு முதலாளியே முதல் உரிமையாளர். வார இறுதியில் சொந்தக் கணினியில் செய்வது பொதுவாக அதற்குள் வராது. ஆனால் சில நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் இதைவிட அகலமாக எழுதி வைத்திருக்கும். அலுவலக லேப்டாப்பை மட்டும் தொடாதீர்கள்.

## உரிமம்: பலர் தடுமாறுகிற இடம்

ரெப்போ பொதுவில் இருக்கிறது என்பதாலேயே அது கட்டற்ற மென்பொருள் ஆகிவிடாது. உரிமக் கோப்பு இல்லாவிட்டால், பதிப்புரிமை முழுவதும் எழுதியவரிடமே இருக்கிறது. கிட்ஹப்பில் மற்றவர்கள் பார்க்கலாம், அந்தத் தளத்துக்குள் ஃபோர்க் (தங்கள் கணக்கில் ஒரு நகல்) செய்யலாம்; தங்கள் விளையாட்டில் எடுத்துப் போட அனுமதி இல்லை. காம்போவில் ஏராளமான நிரல்கள் இப்படித்தான் இருக்கின்றன. எழுதியவர் தாராளமாகக் கொடுக்கத்தான் நினைத்திருப்பார், ஒரு கோப்பு வைக்க மறந்திருப்பார். படிக்கிறவருக்கு அது தெரிய வழியில்லை.

அதனால் உங்கள் நிரலுக்கு ஏதாவது ஒரு உரிமத்தைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். என் பரிந்துரை எம்ஐடி. சுருக்கமானது, யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், உங்கள் பெயரும் உரிம வாசகமும் கூடவே போக வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. உங்கள் நிரலை எடுத்து வளர்க்கிறவர்களும் திறந்தே வைக்க வேண்டும் என்று விரும்பினால் ஜிபிஎல். படங்களுக்கும் இசைக்கும் கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி0 (நிபந்தனை எதுவும் இல்லை) அல்லது சிசி பிஒய் (பெயர் குறிப்பிட வேண்டும்) பொருந்தும். நிரலுக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களை வைக்க வேண்டாம் என்று அந்த அமைப்பே சொல்கிறது. குளோபல் கேம் ஜாம் மாதிரி போட்டியே அதைக் கேட்டால் அது வேறு விஷயம்.

மற்றவர்கள் நிரலை உள்ளே கொண்டுவரும்போதுதான் உண்மையான சிக்கல் வருகிறது. ஒரு உதாரணம்: ஜிபிஎல் உரிமத்தில் இருக்கும் ஒரு லைப்ரரியை எடுத்து, வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமம் கேட்கிற போட்டியில் சேர்க்கிறீர்கள். ஜிபிஎல் சொல்வது: இந்த நிரலைச் சேர்த்து வெளியிடும் முழுப் படைப்பையும் ஜிபிஎல்லிலேயே கொடு, மேலதிகக் கட்டுப்பாடு எதுவும் போடாதே. போட்டி சொல்வது: வணிகத் தடை போடு. இரண்டையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற வழியே இல்லை. லைப்ரரியை மாற்றுவதுதான் ஒரே தீர்வு. 40ஆவது மணி நேரத்தில் அதைச் செய்வது கொடுமை.

நிரல் எழுதுகிறவர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் வரும் பதில்களையும் பலர் பொதுச்சொத்து என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2018 மே மாதத்திலிருந்து எழுதப்பட்டவை சிசி பிஒய்-எஸ்ஏ 4.0 உரிமத்தில் இருக்கின்றன. எழுதியவர் பெயர், இணைப்பு, நீங்கள் மாற்றியிருந்தால் அந்தக் குறிப்பு, அதே உரிமத்தில் பகிர்தல் எல்லாம் அதில் அடங்கும். நான் இப்போதெல்லாம் அந்தப் பதிலைப் படித்துப் புரிந்துகொண்டு, சாளரத்தை மூடிவிட்டு, என் சொந்த நிரலாக எழுதுகிறேன். ஐந்து நிமிடம் கூடுதலாகும். ஆனால் அடுத்த ஜாமில் தேட வேண்டியிருக்காது.

இன்ஜினுக்கும் உரிமம் உண்டு. கோடாட் என்ற இன்ஜின் எம்ஐடி உரிமத்தில் வருகிறது. அதனால் அதில் செய்த விளையாட்டை வெளியிடும்போது அதன் உரிம வாசகத்தையும் எங்காவது சேர்க்க வேண்டும், நன்றித் திரையில் வைத்தாலும் போதும். பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. இத்தனை பெரிய கருவியை இலவசமாகத் தந்தவர்கள் கேட்பது இது ஒன்றைத்தான்.

## போட்டி நடக்கும்போது

நன்றிக் கோப்பை எப்போதும் ஒரு தாவலில் திறந்தே வைத்திருங்கள். வெளியிலிருந்து எதை எடுத்தாலும், அதை ஒட்டுவதற்கு முன்பே அங்கே ஒரு வரி. 'அப்புறம் எழுதிக்கொள்ளலாம்' என்று விட்டால் அந்த இணைப்பு மறுபடி கிடைக்காது. என்னுடைய ஒரு நன்றிக் கோப்பு இப்படி இருந்தது:

"பாதை தேடும் ஃபங்ஷன்: ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பதில், எழுதியவர் பெயரும் இணைப்பும் கீழே, சிசி பிஒய்-எஸ்ஏ 4.0. மூலைவிட்ட நகர்வை நீக்கினேன்.
தரை, சுவர் படங்கள்: கென்னி, சிசி0.
ஒலி: இசட்இசட்எஃப்எக்ஸ், எம்ஐடி.
கதவு திறக்கும் சத்தம்: என் வீட்டு பீரோ, செல்போனில் பதிவு செய்தது."

சிசி0 படங்களுக்குப் பெயர் குறிப்பிடக் கட்டாயமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், அடுத்தவர் அந்தப் படங்களைத் தேடிப் போக உதவும். கடைசி வரியும் முக்கியமானது. காம்போ மாதிரி போட்டியில் எது நீங்களே செய்தது என்று சொல்வதும் இந்தக் கோப்பின் வேலை.

கமிட்டை அடிக்கடி செய்யுங்கள். குறைந்தது ஒரு மணி நேரத்துக்கு ஒன்று. நேர வரிசையில் வளர்ந்த நிரல்தான் நீங்கள் நேர்மையாகச் செய்தீர்கள் என்பதற்கு மிக நல்ல சாட்சி. 48ஆவது மணி நேரத்தில் ஒரே கமிட்டாக ஆறாயிரம் வரி வந்து விழுந்தால், பார்க்கிறவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியால் எழுதிய நிரலுக்குப் போட்டிக்குப் போட்டி விதி மாறுகிறது. சில இடங்களில் அனுமதி, சில இடங்களில் தடை, சில இடங்களில் சொல்லிவிட்டுப் பயன்படுத்தலாம். விளையாட்டுகளை வெளியிடும் இட்ச்.ஐஓ தளமும் அதைப் பயன்படுத்தினீர்களா என்று கேட்கிறது. எந்த ஃபங்ஷன், எந்தக் கருவி என்று நன்றிக் கோப்பில் எழுதிவிடுங்கள்.

## பொதுவில் வைக்கக் கூடாதவை

காசு கொடுத்து வாங்கிய படங்களும் மாடல்களும் இதில் முதலிடம். யூனிட்டி அசெட் ஸ்டோரில் வாங்கியதை உங்கள் விளையாட்டுக்குள் வைத்து வெளியிடலாம். ஆனால் மற்றவர்கள் தனியாக எடுத்துக்கொள்ளும்படி மூலக் கோப்பாக விநியோகிக்க அந்த உரிமம் அனுமதிப்பதில்லை. பொது ரெப்போவில் போட்டால் அதைத்தான் செய்கிறீர்கள். மூலநிரல் கேட்கிற போட்டியில் அவற்றைத் தனி ஃபோல்டரில் வைத்து, கிட்இக்னோரில் சேர்த்து, "இந்தப் படங்களை இந்த இடத்தில் வாங்கிப் போட்டால் ஓடும்" என்று ரீட்மீயில் எழுதுங்கள். இன்னும் நல்லது, அந்த இடத்தில் வெறும் வண்ணச் சதுரங்களை வைப்பது. விளையாட்டு அழகாக இருக்காது, ஆனால் ஓடும்.

அடுத்தது ரகசியச் சாவிகள். ஸ்கோர்போர்டு, தரவுத்தளம் எதுவானாலும் சாவி தனிக் கோப்பில் இருக்க வேண்டும், அந்தக் கோப்பு ரெப்போவுக்குள் வரக் கூடாது. தவறி ஏற்றிவிட்டால், அடுத்த கமிட்டில் அழிப்பது போதாது. கிட் வரலாற்றில் பழைய கமிட் அப்படியே இருக்கும், யாரும் பின்னோக்கிப் போய் எடுக்கலாம். முதல் வேலையாக அந்தச் சேவையில் பழைய சாவியை ரத்து செய்து புதிது வாங்குங்கள். வரலாற்றைச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகுதான்.

## கடைசி இரண்டு மணி நேரம்

புதிய அம்சம் எதையும் தொடாதீர்கள். உங்கள் கணினியிலேயே வேறொரு காலி ஃபோல்டரில் ரெப்போவைப் புதிதாக இறக்கி, ரீட்மீயில் இருப்பதை மட்டும் பின்பற்றி ஓட்டிப் பாருங்கள். பத்தில் எட்டு முறை ஏதாவது ஒரு கோப்பு விடுபட்டிருக்கும் என்பது என் அனுபவம். ஒரே எழுத்து வித்தியாசமும் சிக்கல் தரும்: விண்டோஸில் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு கண்ணில் படாது, லினக்ஸில் கோப்பு கிடைக்கவில்லை என்று நின்றுவிடும்.

ரீட்மீயில் எந்த இன்ஜின், எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பிலிருந்து படிக்கத் தொடங்கலாம் என்பது கட்டாயம் இருக்கட்டும். நிரல் அசிங்கமாக இருக்கிறதே என்று கூச்சப்பட்டு அப்போது சீர்படுத்த உட்காராதீர்கள். 48 மணி நேர நிரல் எப்படி இருக்கும் என்று படிக்க வருகிறவர்களுக்குத் தெரியும். ஜேஎஸ்13கே என்றால், சுருக்கிய ஜிப்பிலிருந்து நிரலுக்குள் எழுதிய குறிப்புகள் எல்லாம் கழன்றுவிடும். எடுத்துக்கொண்ட நிரலின் உரிம வாசகம் படிக்கக்கூடிய பதிப்பிலாவது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எல்லாம் சரி என்றால், சமர்ப்பிக்கிற கமிட்டுக்கு ஒரு டேக் (பெயர் அடையாளம்) போடுங்கள்.

## சமர்ப்பித்த பிறகு

லூடம் டேரில் நேரம் முடிந்தபின் பிழை திருத்தலாம், வேறு வகைக் கணினிகளிலும் ஓடும்படி மாற்றலாம். புதிய அம்சம் சேர்க்கக் கூடாது. அந்த டேக் இங்கேதான் உதவும். போட்டிப் பதிப்பு அதிலேயே நிற்கட்டும், வளர்ச்சி ரெப்போவின் வேறு கிளையில் (தனியாக வளரும் பதிப்பு) நடக்கட்டும்.

2011 டிசம்பரில் 'தனிமை' என்ற கருப்பொருளில் லூடம் டேர் 22 நடந்தபோது, மைன்கிராஃப்டை உருவாக்கிய மார்க்கஸ் பெர்சன் மைனிகிராஃப்ட் என்ற சின்ன விளையாட்டை எழுதி, ஜாவா மூலநிரலோடு சமர்ப்பித்தார். இரண்டு நாளில் எழுதிய அந்த நிரலை எடுத்து மற்றவர்கள் வளர்த்தார்கள். மைனிகிராஃப்ட் பிளஸ் என்ற பெயரில் ஒரு பதிப்பு வேறு கைகளில் பல ஆண்டுகள் தொடர்ந்தது. நம் நிரலுக்கும் இப்படி யாராவது வரலாம். வந்தால், உரிமக் கோப்பும் நன்றிக் கோப்பும் ஏற்கெனவே இருப்பதால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

நீங்கள் மற்றவர் நிரலை எடுக்கப் போகும்போது உரிமக் கோப்பு இல்லையென்றால், விளையாட்டின் பக்கத்திலேயே கேளுங்கள். எந்தக் கோப்பு, எதற்கு வேண்டும் என்று இரண்டு வரி போதும். நான் இப்படிப் பலமுறை கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அன்றைக்கே பதில் வரும், அந்த ரெப்போவில் அதுவரை இல்லாத ஒரு உரிமக் கோப்பும் முளைத்திருக்கும்.